அறத்தூதரும் ஆற்றுப்படைப் பாணனும்

பத்துப்பாட்டுள் மூன்றாவதாக வைத்து எண்ணப்பெறும் சிறுபாணாற்றுப்படை 269 அடிகளால் இயன்ற ஆசிரியப்பா. இதனைப் பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். பாடப்பெற்றவன் ஓய்மாநாட்டை ஆண்ட நல்லியக்கோடன். கடலுக்கும் உப்பங்கழிக்கும் இடையே நீண்டு கிடக்கும் நிலமாதலின் இடைக்கழிநாடு எனப் பெயர் பெற்ற அப்பகுதி, நெடுங்காலம் மதுராந்தகம் வட்டத்தைச் சார்ந்திருந்து, இன்று செங்கற்பட்டு மாவட்டத்துச் செய்யூர் வட்டத்துள் அடங்கிப் பேரூராட்சியாய் விளங்குகின்றது. கடப்பாக்கமும் கடலரித்த ஆலம்பரைக் கோட்டையும் அந்நாட்டினவே. அதற்குத் தெற்கே கரையோரமாகச் சென்றால் மரக்காணம். மேற்கே உள்நோக்கிச் சென்றால் திண்டிவனம். பாட்டில் வரும் எயிற்பட்டினத்தை மரக்காணத்தை ஒட்டிய கரையிலும், கிடங்கிலைத் திண்டிவனத்திலும் வைத்துக் காண்பர் ஆராய்ச்சியாளர். ஆகவே புலவரும் புரவலனும் அண்டை நிலத்தார் என்பது பெறப்படும். புலவர் தாம் கூறும் வழியைத் தம் காலால் நடந்து அறிந்தவராதல் வேண்டும் என்று கொள்ளுதற்கு இஃது இடந்தருகின்றது.

இந்நூலைப் பற்றியும், பொதுவாக ஆற்றுப்படை என்னும் துறையைப் பற்றியும், இக்காலத்தார் சிலர் கூறும் கருத்து ஒன்றினை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். ஆற்றுப்படை என்பது புரவலனுக்குப் புகழ் பரப்பும் விளம்பரமே என்பதும், ஆற்றுப்படுத்தும் பாணன் அக்காலத்து விளம்பரத் தூதனே என்பதும் அவர்தம் கருத்து. அவர்கள் மனத்தில் இருப்பது இக்கால வழக்கம் ஒன்று. அறநிலையங்கள் தம் பணியை உலகறியச் செய்தற்குப் பெயர் பெற்ற நடிகரையும் பாடகரையும் விளையாட்டு வீரரையும் நல்லெண்ணத் தூதர் என்னும் பெயரால் அமர்த்திக்கொள்கின்றன. ஐக்கிய நாடுகள் குழந்தைகள் நிதியம் 1954-ஆம் ஆண்டில் டேனி கே என்னும் நகைச்சுவை நடிகரைத் தன் தூதராகக் கொண்டது இவ்வழக்கத்திற்குத் தொடக்கமாகக் கூறப்படும். அவர் ஆசிய நாடுகளிற் பயணம் செய்து, அந்நிதியத்தின் பணியைக் காட்டும் குறும்படம் ஒன்றில் தோன்றினார். அதன் பின்னர் இவ்வழக்கம் பெருகி, இன்று தூதர் இல்லாத அறநிலையத்தைக் காண்டல் அரிதாயிற்று. இவ்வழக்கத்தைக் கண்டு பழகிய கண்ணுக்கு நத்தத்தனாரின் பாணனும் அவ்வரிசையில் முதல்வனாகத் தோன்றுதல் இயல்பே.

இக்கருத்தில் ஒருபுடை உண்மை உண்டு. பாணன் சொல்லால் நல்லியக்கோடன் புகழ் வளர்ந்தது. ஈராயிரம் ஆண்டுக்கு அணித்தாகிய காலத்தின் பின்னும் அச்சிற்றரசன் பெயரை நாம் சொல்லுகின்றோம் என்றால், அதற்கு இப்பாட்டே பெருங்காரணம். புறநானூற்றிலும் அவன் பாடப்பெற்றுள்ளான் எனினும், ஒரு தனிப்பாட்டால் மட்டும் அவன் பெயர் இத்துணை விளங்கியிராது. ஆயினும் பயன் ஒன்றாதல் கொண்டு செயலும் ஒன்றே எனல் பொருந்தாது. யார் யாரை நோக்கிப் பேசுகின்றார், எதனைக் காட்டிப் பேசுகின்றார் என்பவற்றை வைத்தே ஒரு கூற்றின் இயல்பைத் துணிதல் வேண்டும்.

முதற்கண் 'தூது' என்னும் சொல்லே ஈண்டுப் பொருந்துமாறு இல்லை. தூது என்பது ஒருவரால் விடுக்கப்படுவது. அதியமான் விடுப்ப ஔவையார் தொண்டைமானிடம் சென்றார். தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைக் கண்டு அவர் பாடிய பாட்டு, புகழ்வது போலப் பழித்தமைக்கு எடுத்துக்காட்டாய் நிற்கின்றது. பெயர் பெற்ற புலவர் ஒருவர் பிறர் பொருட்டுத் தூது சென்றமைக்கு இத்தொண்டை நாட்டிலேயே இதனினும் சிறந்த சான்று வேண்டா. ஆனால் அது போர் தவிர்க்கும் தூது. ஈகையைப் பற்றியது அன்று. வள்ளுவரும் தூதிற்கெனத் தனி அதிகாரம் வகுத்து, தூதனுக்கு அறிவும் ஆராய்ந்த கல்வியும் வேண்டும் என்றதோடு அமையாது, காண்போர் மதிக்கும் தோற்றமும் வேண்டும் என்றார். திரைப்பட நடிகரைத் தூதராக அமர்த்துவோர் வள்ளுவரைத் தமக்குத் துணையாகக் காட்டிக்கொள்ள விரும்பின் இவ்விடம் அவர்க்குப் பெரிதும் உதவும்! நத்தத்தனாரின் பாணனோ எவராலும் விடுக்கப்பட்டவன் அல்லன். நல்லியக்கோடன் அவனை நோக்கி, 'என்னைப் பற்றிப் பிறர்க்குச் சொல்' என்று ஏவியதாக நூலில் ஓரிடத்தும் இல்லை. பரிசில் பெற்று மீளும் வழியில், தன்னைப் போன்ற ஒருவன் தன் சுற்றத்தோடு வாடி வருதலைக் கண்டமையே அவன் வாய் திறத்தற்குக் காரணம்.

தொல்காப்பியர் புறத்திணையியலில் இத்துறைக்கு வகுத்த இலக்கணமும் இதனையே வற்புறுத்தும். கூத்தர், பாணர், பொருநர், விறலியர் என்னும் நால்வகையார், வழியிடைக் கண்டு, தாம் பெற்ற வளத்தைப் பெறாதார்க்கு அறிவித்து, அவரும் சென்று பயன்பெறுமாறு சொல்லுதல் என்பது அவர் கருத்து. இதனுள் பேசுவோன் பெற்றவன், கேட்போன் பெறாதவன், இருவரும் ஒரு தொழிலர், ஒரு நிலையினர். கொடுப்போன் இவ்விருவர் பேச்சிற்கும் புறத்தே நிற்கின்றான். இக்காலத் தூதரின் கூற்றிலோ கேட்போர் பொருளுடையார், பேசுவோரும் பொருளுடையார், பெற வேண்டியவர்தாம் பேச்சிற்குப் புறத்தே நிற்கின்றார். முகம் திரும்பியுள்ள திசையே வேறு என்பதனை இதனால் உணரலாம்.

இத்திசை வேறுபாட்டால் விளையும் பயன் பெரிது. அதனைத் தெளிதற்கு நூலின் நடுவே அமைந்த வறுமைக் காட்சியைச் சிறிது விரித்து நோக்குதல் வேண்டும். நல்லியக்கோடனை நாடிச் செல்லுமுன் தன் இல்லம் இருந்த நிலையைப் பாணன் கூறுகின்றான். அடுக்களையில் ஈன்றணிமை உடைய நாய் ஒன்று கிடக்கின்றது. இன்னும் கண் திறவாத குட்டிகள் பாலற்ற முலையைப் பற்றி இழுக்க, நோவு பொறாது அது குரைக்கின்றது. கூரைக் கட்டுகள் குலைந்துவிட்டன. சுவரைக் கறையான் அரித்துவிட்டது. அம்மண்ணில் காளான் பூத்துள்ளது. பசியால் இடை மெலிந்த கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக் கீரையை நகத்தாற் கிள்ளி, உப்பும் இன்றி வேகவைக்கின்றாள். சோறு சமைக்கும் இடத்தில் காளான் முளைத்திருத்தலும், உப்பங்கழி சூழ்ந்த நாட்டுப் புலவர் உப்பில்லாத கீரையைக் கூறுதலும் உற்று நோக்கத்தக்கன. கழிநாட்டில் உப்பினும் எளிய பொருள் யாது? அதுவும் இல்லை என்றமையால் வறுமையின் எல்லை புலனாயிற்று.

இனி, அக்கிணைமகள் செய்யும் அடுத்த செயலே எம் கருத்திற்கு உயிர்நிலையாயது. பிறர் காண்பரே என்று நாணி அவள் கதவை அடைத்துவிடுகின்றாள். அடைத்த கதவின் உள்ளே சுற்றம் யாவும் கூடி அவ்வுப்பிலாக் கீரையை உண்கின்றது. பசியினும் நாணமே அவ்வீட்டில் பெரிதாய் இருந்தது. அங்ஙனம் அடைத்து மறைத்த செய்தியைத்தான் பாணன் இப்பொழுது நடுவழியில் நின்று, முன்பின் அறியாத ஒருவனுக்குத் திறந்து கூறுகின்றான். ஏன் கூறுகின்றான்? எதிரே நிற்பவன் வீட்டிலும் ஒரு கதவு அடைக்கப்பட்டிருத்தல் அவனுக்குத் தெரியும். 'நீ வறியன்' என்று அவன் ஒருகாலும் சொல்லவில்லை. 'யாம் இவ்வாறு இருந்தோம்' என்று மட்டுமே சொன்னான். கேட்போனின் வறுமை சொல்லப்படாமலே அறியப்பட்டது. அவன் மானமும் காக்கப்பட்டது.

நூலின் பிற்பகுதியில் நல்லியக்கோடனின் அரண்மனை வாயில் வருணிக்கப்படுகின்றது. பொருநர்க்கும் புலவர்க்கும் அந்தணர்க்கும் அஃது அடைக்கப்படுவதில்லை. முற்பகுதியில் நாணத்தால் அடைத்த வறியார் கதவு. பிற்பகுதியில் எந்நாளும் அடையாத வள்ளியோன் வாயில். இவ்விரண்டையும் எதிரெதிராக வைத்த அமைப்பு தற்செயலாய் நேர்ந்தது அன்று என்பது எம் துணிபு. வாயில் திறந்திருத்தல் மட்டும் போதாது. உள்ளே நாணி ஒடுங்கியிருப்போர் வெளிவருதல் வேண்டும். ஒரு கதவுக்கும் மற்றொரு கதவுக்கும் இடைப்பட்ட வழியே ஆற்றுப்படை. இத்துறைக்கு 'ஆறு' என்னும் சொல்லாற் பெயர் வகுத்த பழையோர் மதிநுட்பம் போற்றத்தக்கது. உளநலம் பேணுவாரை ஆற்றுப்படுத்துநர் என்று இன்று வழங்குவாரும் உளர். வழி என்னும் பொருளோடு ஆறுதல் என்னும் பொருளும் அச்சொல்லில் வந்து கலந்துவிட்டமை குறையன்று, வளமே.

அவ்வழியைப் பற்றியும் ஒரு சொல். விளம்பரம் என்பார் கருத்து உண்மையாயின், வழியில் உள்ளோர்க்கு நூலில் இத்துணை இடம் தந்திருத்தல் வேண்டா. எயிற்பட்டினத்தில் பரதவர் முற்றிய கள்ளோடு சுட்ட குழல்மீனைத் தருகின்றனர். வேலூரில் எயினர் மகளிர் ஆமான் இறைச்சியோடு புளிங்கறி இட்ட சோற்றை அளிக்கின்றனர். ஆமூரில் உழவர் மகளிர் வெண்சோற்றை நண்டுக் கலவையோடு இடுகின்றனர். நெய்தலும் முல்லையும் மருதமும் ஆகிய மூன்று நிலத்து மக்களும் பெயர் அறியப்படாதவர்கள்; அவர்கள் இடும் உணவு அவர்கள் வீட்டில் அன்று சமைத்ததே. இரவலன் புரவலனை அடையுமுன் மூன்று முறை வயிறு நிறைகின்றான். நல்லியக்கோடனின் ஈகை என்று நூல் கூறுவது ஒருவன் கையால் நிகழ்வது மட்டும் அன்று. அவன் நாட்டில் வழிப்போக்கன் பட்டினி கிடப்பதில்லை என்பதே அதன் முதற் சான்று. அரசன் தானே அருகில் நின்று விருந்தூட்டுகின்றான் என்பதும், வீமன் நூல்வழிச் சமைத்த உணவைப் பொற்கலத்தில் இடுகின்றான் என்பதும் நிறைவாக வருவனவே. எமக்கோ அப்பொற்கலத்து அடிசிலினும் பரதவர் சுட்ட மீனே சுவைமிக்கதாகத் தோன்றுகின்றது. புலவரும் அதனைக் கூறுமிடத்தே மனம் ஒன்றி நின்றார் என்று கருதுகின்றோம்.

நூலில் எமக்கு உடன்பாடு இல்லாத பகுதியும் உண்டு. வஞ்சி, மதுரை, உறந்தை என்னும் மூவேந்தர் தலைநகரும் நல்லியக்கோடன் ஈகையை நோக்க வறியனவே என்று பாணன் கூறுமிடம் மிகையாய் நிற்கின்றது. கடையெழு வள்ளல்களையும் அடுக்கி, அவ்வெழுவர் தாங்கிய ஈகை நுகத்தை இவன் ஒருவனே தாங்கினான் என்னுமிடமும் அத்தகையதே. முல்லைக்குத் தேரும் மயிலுக்குப் போர்வையும் கொடுத்தல் உள்ளத்தின் நெகிழ்ச்சியைக் காட்டும் என்று உரைப்பர். அது மெய்யே, ஆயினும் கதையாய்ப் பரவுதற்கு ஏற்ற கொடை வேறு, கீரைக்கு உப்பில்லாத வீட்டிற்கு உதவும் கொடை வேறு. விளம்பரம் என்பாரின் குற்றச்சாட்டு இவ்விரு பகுதிகளைப் பற்றிய அளவில் செல்லும் என்று ஒப்புகின்றோம். அதனை நூல் முழுமைக்கும் ஏற்றுதலையே மறுக்கின்றோம்.

இனி இக்கால அறத்தூதர் சிலரை இந்நூல் தரும் அளவுகோலால் அளந்து காண்போம். இஃது இலக்கிய ஆராய்ச்சிக்குப் புறம்பு என்பார் உளராயின், ஆற்றுப்படையை விளம்பரத்தோடு முதற்கண் ஒப்பிட்டவர் யாம் அல்லேம் என்பதை நினைவூட்டுகின்றோம்.

பொருளுடையாரை நோக்கிப் பேசும் தூதுக்கு நம் நாட்டில் தலைசிறந்த சான்று இசையரசி எம். எஸ். சுப்புலட்சுமி அவர்கள். அறப்பணிகளுக்கு நிதி திரட்டும் பொருட்டு அவர் பாடிய கச்சேரிகள் பல. 1974-ஆம் ஆண்டில் பொதுத்தொண்டுக்கென அவருக்கு மகசேசே விருது வழங்கப்பெற்றமை யாவரும் அறிந்ததே. அவர் மேடையில் வறியாரைக் காட்டவில்லை. தம் கலையை அளித்தார். கேட்டோர் பொருள் அளித்தனர். இதில் எவர் மானமும் குறைவுறவில்லை. இது ஆற்றுப்படை அன்று; எனினும் குற்றமற்ற நெறி. கலை தன் தொழிலைச் செய்து ஈட்டிய பொருள் அறத்திற்குச் சென்றது, அவ்வளவே.

இடர்ப்பாடு தோன்றுவது, தூதர் தம் புகழை வறியாரின் வறுமைக்கு அருகே நிறுத்தி இரண்டையும் ஒரு படத்துள் அடக்கும்பொழுது. ஒளி மிக்க முகம் ஒன்று. மெலிந்த குழந்தை முகம் ஒன்று. காண்போர் உள்ளம் உருகுதலும் பொருள் குவிதலும் உண்டு. ஆனால் அங்கே திறக்கப்பட்ட கதவு யாருடையது? கிணைமகள் நாணி அடைத்த கதவைப் பிறர் திறந்து உலகிற்குக் காட்டுகின்றனர். பாணன் தன் வீட்டுக் கதவைத் தானே திறந்தான். இவர்கள் அயலார் வீட்டுக் கதவைத் திறக்கின்றனர். அக்குழந்தை வளர்ந்து தன் படத்தைக் காணும் நாளில் என் நினைக்கும் என்பதை அவ்வறநிலையத்தார் எண்ணுவதுண்டோ, அறியோம்.

இவ்விடர்ப்பாட்டினின்று நீங்கியவர் ஆதரி ஹெப்பர்ன் என்னும் நடிகை. இரண்டாம் உலகப் போரின் இறுதியில் நெதர்லாந்தில் பசிக்கொடுமை மிக்க 1944-45 குளிர்காலத்தைக் கழித்த சிறுமி அவர். போர் முடிந்தபின் ஐக்கிய நாடுகளின் துயர்தணிப்பு நிறுவனம் அளித்த உணவைப் பெற்றவர். 1988-இல் எத்தியோப்பியாவிற்குக் குழந்தைகள் நிதியத்தின் சார்பிற் சென்று, 1989-இல் அதன் தூதரானார். தாம் அவ்வுதவியைப் பெற்றவர் என்பதை அவர் மறைக்காது கூறிவந்தார். உலகம் வியக்கும் அழகும் புகழும் உடையார் ஒருவர், 'யானும் பசித்திருந்தேன்' என்று தொடங்கும்பொழுது அங்கே தூது ஆற்றுப்படையை அணுகுகின்றது. ஆயினும் அவர் பேச்சும் பெரும்பாலும் பொருளுடைய நாடுகளை நோக்கியதே ஆகலின் முழுதும் ஆற்றுப்படை ஆகாது.

முழு ஆற்றுப்படையை யாம் காண்பது மருத்துவத் துறையில். அதற்குக் காரணம் வெளிப்படை. பல நோய்களுக்கு இன்று மருந்து விலையின்றிக் கிடைக்கின்றது. வாயில் திறந்தே உள்ளது. நோயாளர்தாம் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருக்கின்றனர். எம் ஆராய்ச்சிக்குரிய நிலத்திலிருந்தே சான்று காட்டுவோம். செங்கற்பட்டை அடுத்த திருமணியில் லேடி வில்லிங்டன் பெயரால் அமைந்த தொழுநோய் மருத்துவ நிலையம் 1955-ஆம் ஆண்டில் இந்திய அரசினரால் ஏற்கப்பெற்று, மத்திய தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையமாயிற்று. கூட்டு மருந்து முறை 1980-களிற் பரவியபின் தொழுநோய் முற்றும் தீரும் நோயாயிற்று. 1995 முதல் அம்மருந்து உலகெங்கும் விலையின்றி வழங்கப்பெற்று வருகின்றது. இருந்தும் காலந்தாழ்த்து வந்து, கைவிரல் மடங்கியபின் மருத்துவர்முன் நிற்போர் இன்றும் உளர். அவர்க்குக் குறை பொருளன்று, மருந்தன்று; நாணமும், ஊரார் விலக்குவர் என்னும் அச்சமுமே.

இங்ஙனம் உள்ள இடத்தில் தூதர் செய்யத்தக்கது யாது? இங்கிலாந்து இளவரசி டயானா 1989-ஆம் ஆண்டில் இந்தோனேசியாவில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்று, நோயாளர் கையைத் தம் வெறுங்கையாற் பற்றினார். 1996-இல் ஏறத்தாழ நூறு அறநிலையங்களின் புரப்புப் பொறுப்பினின்று விலகியபொழுதும் அவர் விடாது வைத்துக்கொண்ட ஆறனுள் தொழுநோய்ப் பணி நிறுவனமும் ஒன்று. அக்கைப்பற்றுதல் நோயாளரை நோக்கியும் பேசியது. அவரை விலக்கும் ஊராரை நோக்கியும் பேசியது. கதவை அடைக்கச் செய்வது ஊராரின் கண் ஆகலின், ஊராரைத் திருத்துதலும் ஆற்றுப்படுத்தலின் ஒரு கூறே.

வட நாட்டு நடிகர் அமிதாப் பச்சனின் பணி இதனினும் நெருங்கி வருகின்றது. இளம்பிள்ளைவாத ஒழிப்பில், இரண்டு துளி மருந்தைக் குழந்தைக்கு ஊட்டுமாறு அவர் வேண்டியதும், வராத பெற்றோரைக் கடிந்ததும் நாடெங்கும் கேட்டன. அவர் பொருள் கேட்கவில்லை. 'சென்று பெறுமின்' என்றார். இந்தியாவில் அந்நோய் கடைசியாகக் காணப்பட்டது 2011 சனவரியில். 2014 மார்ச்சில் நோய் நீங்கிய நாடென்னும் சான்று கிடைத்தது. அதற்குப் பல்லாயிரம் களப்பணியாளரின் உழைப்பே முதற் காரணம் என்பதை மறத்தல் கூடாது. வழியிடை மீன் சுட்டுத் தந்த பரதவரை ஒத்தவர் அவர். பின்னர்க் காசநோய் ஒழிப்பில் ஈடுபட்டபொழுது, 2000-ஆம் ஆண்டில் தமக்கே அந்நோய் உற்றதையும் மருந்துண்டு தீர்ந்ததையும் அவர் வெளிப்படக் கூறினார். காசநோய் என்னும் பெயரையே வாய்விட்டுக் கூற அஞ்சும் குடும்பங்கள் நிறைந்த நாட்டில் அஃது எளிய செயல் அன்று. பெற்றவன் பெறாதவர்க்குக் கூறுதல் என்னும் தொல்காப்பியர் இலக்கணம் ஈண்டு ஒருங்கே அமைந்தமை காண்க. மொழியும் காலமும் வேறாயினும் துறை ஒன்றே.

தமிழ்நாட்டிலும் அண்மையில் ஒரு நிகழ்ச்சி உண்டு. அதனைக் கூறுங்கால் உள்ளம் வருந்துகின்றது. பெருந்தொற்றுக் காலத்தில் தடுப்பூசிக்கு மக்கள் அஞ்சித் தயங்கினர். நகைச்சுவை நடிகர் விவேக், 2021 ஏப்பிரல் 15-ஆம் நாள் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் யாவரும் அறியத் தம் தோளில் ஊசி இட்டுக்கொண்டு, அஞ்சற்க என்று மக்களை வேண்டினார். தனியார் மருத்துவமனையை நாடாது அரசு மருத்துவமனைக்கே சென்றமையும் கருதத்தக்கது. ஏழையர் செல்லும் வழியிலேயே தாமும் நடந்து காட்டினார். இரண்டு நாளில் மாரடைப்பால் அவர் மறைந்தார். ஊசியால் நேர்ந்தது அன்று என மருத்துவர் விளக்கினர். எனினும் அச்சம் எழாமல் இல்லை. தன் உடலையே சான்றாக வைத்துப் பேசுவோன் ஏற்கும் பொறுப்பும் இடரும் எத்தகையன என்பதை இதனினும் கூர்மையாக எதுவும் காட்டாது. புகழைக் கடனாகக் கொடுப்பவர்க்கு இவ்விடர் இல்லை. தாம் நடந்த வழியைக் கூறுபவர்க்கே உண்டு.

இவ்விடத்துப் பெயரைப் பற்றியும் கூறுதல் தகும். இக்காலத் தூதுக்கு மூலதனம் தூதரின் பெயர். நூலிலோ பாணனுக்குப் பெயரே இல்லை. நத்தத்தனார் தம் காலத்துப் புலமை மிக்கார் என்பதில் ஐயமில்லை. 'நத்தத்தனாராகிய யான் கூறுகின்றேன்' என்று தம் பெயரால் அவர் பாடியிருக்கலாம். அங்ஙனம் பாடாது, சிறிய யாழை ஏந்திய பெயரற்ற ஒருவன் வாயில் தம் சொல்லை வைத்தார். அவர் பெயரையும் ஊரையும் நாம் அறிவது நூலோடு வழிவழி வந்த குறிப்பால் மட்டுமே. இதற்கு மாறாக, அதே மதுராந்தகத்தில் ஏரிகாத்த இராமர் கோயிலில் தாயார் சன்னிதித் திருப்பணி செய்த கலெக்டர் லயனல் பிளேசின் பெயர் கல்லில் பொறிக்கப்பெற்றுள்ளது. உடையும் நிலையில் இருந்த ஏரிக்கரையை இரவில் வில்லேந்திய இருவர் காத்து நின்றதை அவர் கண்டார் என்னும் கதையும் ஊரில் வழங்குகின்றது. கொடுத்தவர் பெயர் நிற்றல் உலகியல். அதனைக் குறை கூறோம். வழிகாட்டியவன் பெயர் மறைந்து நிற்றலோ, வறியார் ஒவ்வொருவரும் அவ்விடத்தில் தம்மை வைத்துக் கேட்டற்கு இடந்தருகின்றது. நல்லியக்கோடனைப் புகழ்வோர் கூற்றில், அறியாதார்முன் தானும் அறியாதான்போல் இருத்தல் அவன் பண்புகளுள் ஒன்றாக எண்ணப்படுகின்றது. அரசனுக்குக் கூறிய அப்பண்பைப் புலவர் தாமும் மேற்கொண்டார் என்றே யாம் கொள்கின்றோம்.

இறுதியாக, சொல்லமைதி பற்றிய குறிப்பு ஒன்று. நல்லியக்கோடன் உடையும் உணவும் தேரும் பாகனும் தந்து விடுப்பான் என்று நீண்டு செல்லும் இப்பாட்டு, அவனை விரும்பி நீவிர் 'சென்றால்' என்னும் பொருள்படும் எச்சத்தில் முடிகின்றது. முதன்மைக் கூற்று முன்னே நிற்க, அதற்குரிய நிபந்தனை கடைசிச் சொல்லாய் நிற்கின்றது. செல்க என்னும் ஏவலை அவ்விடத்தில் வைப்பது புலவர்க்கு அரிதன்று; வைத்திலர். இக்காலத் தூதர் கூற்றுகள் பெரும்பாலும் 'வாரீர், தாரீர்' என்னும் ஏவலில் முடிவதோடு இதனை ஒப்பு நோக்குக. கொடையின் பெருமையெல்லாம் கூறிய பின்னும் செல்வதும் செல்லாமையும் கேட்போன் விருப்பத்திலேயே விடப்பட்டன. கேட்ட பாணன் ஓய்மாநாட்டிற்குச் சென்றானா என்பதை நூல் கூறவில்லை.